கூரைக்குள் ஒட்டிய நுரை

பிரிட்டனின் குடியிருப்புகள் ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றுள் அடங்கும். இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919க்கு முன் கட்டப்பட்டது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பல, விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் அல்லது 1930களில் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய வீடுகள். கட்டியவர்களுக்கு வெப்பத்தைச் சேமிக்கும் கவலை இருக்கவில்லை. நிலக்கரி மலிவாகக் கிடைத்தது. அறைக்கு ஒரு கணப்படுப்பு எரிந்தது. புகைபோக்கி வழியே சூடும் சேர்ந்து போனது. இன்று அதே வீட்டை எரிவாயுக் கொதிகலன் சூடாக்குகிறது. வெப்பக் காப்பு எதுவும் இல்லாத வீட்டில் நான்கில் ஒரு பங்குச் சூடு கூரை வழியாகவும், மூன்றில் ஒரு பங்கு சுவர் வழியாகவும் வெளியேறுகிறது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு எரிபொருள் விலை ஏறியபோது, இந்த இழப்பு என்னவென்று ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் மாதக் கட்டணத்திலேயே தெரிந்தது.

பழைய வீட்டைக் கதகதப்பாக்குவது நல்ல வேலை. செய்ய வேண்டிய வேலை. ஆனால் அந்த வீடு எப்படி உலர்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதைச் செய்யக் கூடாது. 1919க்கு முந்தைய சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலத் தடிமனுள்ள ஒரே செங்கல் சுவர். இடையில் வெற்றிடம் இல்லை. கட்டியது சுண்ணாம்புச் சாந்து. உள்ளே பூசியதும் சுண்ணாம்பு. மழை பெய்யும்போது இந்தச் சுவர் கொஞ்சம் நீரை உறிஞ்சும். காற்றும் வெயிலும் பட்டதும் அதை வெளியே விட்டுவிடும். தரைப் பலகைகளுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். சுவரின் அடிப்பகுதியில் பதித்த துளைச் செங்கற்கள் அதற்குள் காற்றை அனுப்பும். கூரையில் கைமரம், அதன்மேல் ரீப்பர், அதன்மேல் ஆணியடித்த ஸ்லேட் கல். மிகப் பழைய கூரைகளில் கல்லுக்கு அடியில் வேறு எந்த விரிப்பும் கிடையாது. இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்தை அப்பி விட்டிருப்பார்கள். பின்னால் வந்த கூரைகளில் ஓட்டுக்கு அடியில் தார் பூசிய ஃபெல்ட் விரித்தார்கள். எப்படியிருந்தாலும் கூரைக்குள் காற்று ஓடியது. அந்த ஓட்டம்தான் மரத்தை நூறாண்டு காத்தது.

மரத்துக்கு வரும் ஈரம் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. நான்கு பேர் வாழும் வீட்டில் சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவில் நீராவியைக் காற்றில் சேர்க்கின்றன. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். சுழியம் டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேல்தளக் கூரைப் பலகையின் விரிசல்கள், மின்விளக்குத் துளைகள், பரண் கதவின் இடுக்கு வழியாக மேலே ஏறிக் குளிர்ந்த கூரையைத் தொட்டால், மிஞ்சிய நீராவி நீராகிவிடும். ஜனவரி மாதக் காலையில் காற்றோட்டம் குறைந்த பரணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் இதைக் கண்ணால் காணலாம். மரத்தைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆணி முனையிலும் ஒரு நீர்த்துளி தொங்கும். கடுங்குளிரில் அதுவே வெண்பனியாக உறைந்திருக்கும். இரும்பு முதலில் குளிர்வதால் முதலில் வியர்ப்பதும் அதுவே. காற்றோட்டம் இருந்தால் பகலில் அது உலர்ந்துபோகும். இல்லையென்றால் மரம் அதைக் குடிக்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் பழைய வீட்டின் பரணில் எளிய முறையையே கையாள்கிறார்கள். கண்ணாடி இழைப் பஞ்சையோ கல்பஞ்சையோ பரணின் தரையில், அதாவது கீழ் அறையின் கூரைப் பலகைக்கு மேலே, விரிக்கிறார்கள். குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே 100 மில்லிமீட்டர், அதன்மேல் எதிர்த்திசையில் இன்னொரு 170 மில்லிமீட்டர், மொத்தம் 270. பிரிட்டனில் பரிந்துரைக்கப்படும் அளவு இதுதான். சூடு கீழேயே நிற்கும்; பரண் குளிர்ந்தே இருக்கும்; அங்கே காற்று ஓடும். கூரையின் மேல்பாகத்தை யாரும் தொடுவதில்லை. ஓடு நழுவினாலும் கைமரம் நனைந்தாலும் ஏறிப் பார்த்தால் தெரியும். பிடிக்காவிட்டால் பஞ்சைச் சுருட்டி எடுத்துவிடலாம். வெப்பக் காப்பு வேலைகளிலேயே செலவு குறைந்ததும் சீக்கிரம் பலன் தருவதும் இதுதான் என்றாலும், இதை விற்றுப் பெரிய லாபம் பார்க்க முடியாது.

கூரையின் உட்புறத்தில் தெளிக்கும் நுரையான ஸ்ப்ரே ஃபோம் விற்பனைக்கு வந்தது வேறொரு வாக்குறுதியோடு. அதன் மூலப்பொருளான பாலியூரித்தேன், ஜெர்மனியின் லெவர்கூசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937இல் கண்டுபிடித்த வேதிப்பொருள். இரண்டு பீப்பாய்களில் இரண்டு திரவங்கள் வரும். ஒன்று ஐசோசயனேட், மற்றது பாலியால் கலந்த பிசின். சூடான குழாய்களில் தனித்தனியே வந்து துப்பாக்கியின் முனையில் இரண்டும் கலக்கின்றன. தெளித்த சில நொடிகளில் கலவை பொங்கிப் பல மடங்கு பருத்து, பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு இறுகிவிடுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. திறந்த அறை நுரை மென்மையானது. விரலால் அழுத்தினால் அமுங்கும். நீராவியை ஓரளவு ஊடுருவ விடும். மூடிய அறை நுரை கட்டியானது; மரத்தோடு பசைபோல் ஒட்டும்; நீராவியை அநேகமாக விடவே விடாது. இதன் காப்புத் திறன் அதிகம். பஞ்சுக்குத் தேவைப்படும் தடிமனில் ஏறக்குறையப் பாதி இருந்தாலே போதும்.

ஒரே நாளில் வேலை முடியும், இடுக்கெல்லாம் அடைபடும், பரணைப் பொருள் வைக்கவோ அறையாக்கவோ பயன்படுத்தலாம், நழுவும் ஸ்லேட் கற்களை நுரையே பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி விற்றார்கள். நழுவும் கல்லுக்கு நுரை என்ற பேச்சுதான் இவற்றில் மிக மோசமானது. ஆணி துருப்பிடித்து உதிரும் கூரைக்கு வேண்டியது கூரை வேலை. கல்லின் அடிப்பக்கத்தில் நுரையைத் தெளித்து ஒட்டவைத்தால் கல் விழாமல் இருக்கலாம். ஆனால் அடுத்த முறை பழுது பார்க்க வருபவர் ஒரு கல்லைத் தனியே எடுக்க முடியாது. நல்ல கற்களைக் கழற்றி மறுபடி பயன்படுத்தவும் வழியிருக்காது.

ஸ்ப்ரே ஃபோம் எங்கும் எப்போதும் கெடுதல் என்று சொல்வது நியாயமாகாது. வட அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுகிறது. நுரையைக் கணக்கில் வைத்தே வடிவமைத்த புதுக் கட்டடத்தில், நீராவித் தடுப்பும் எந்திரக் காற்றோட்டமும் சேர்ந்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. தவறு நேர்ந்தது, காற்றோட்டத்தை நம்பி நின்ற பழைய கூரையில் அதை நேராகத் தெளித்தபோது. கைமரங்களுக்கிடையே காப்பு வைக்கும்போது, தார் ஃபெல்ட்டுக்கும் காப்புக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் காற்றுவழி விட வேண்டும் என்பது பிரிட்டிஷ் கட்டுமானத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் விதி. பல வீடுகளில் நுரை ஃபெல்ட்டின்மீதே படிந்தது. இறவாரத்திலிருந்து காற்று நுழையும் வழியும் அடைபட்டது. கைமரத்தின் மூன்று பக்கங்களை நுரை மூட, மேல்பக்கம் மட்டும் குளிர்ந்த ஓட்டைப் பார்த்து நின்றது. ஓட்டிடுக்கில் கசியும் மழைநீரோ உள்ளிருந்து ஏறும் நீராவியோ அங்கே சேர்ந்தால், ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த கதைதான்.

மரத்தின் ஈரப்பதம் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பற்றும் ஆபத்து தொடங்குகிறது. மரம் ஒரே நாளில் இற்றுப்போவதில்லை. முதலில் ரீப்பர், பிறகு கைமரத்தின் மேல்விளிம்பு, பிறகு சுவர்மேல் கைமரம் உட்காரும் அடிக்கட்டை என்று போகும். நுரை இல்லாத பரணில் கருத்த மரமும் வெள்ளைப் பூஞ்சை நூலும் கண்ணில் பட்டு எச்சரிக்கும். நுரை போர்த்திய கூரையில் அந்த எச்சரிக்கையே கிடையாது. ஈரத்தைவிட இந்த மறைப்புதான் பெரிய தீங்கு. மரம் நன்றாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, மதிப்பீட்டாளருக்கும் தெரியாது. மின்கம்பிகள் நுரைக்குள் புதைந்துவிட்டால், சூடு வெளியேற வழியின்றி அவை மிகையாகச் சூடேறும் ஆபத்தும் உண்டு. தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது தொழிற்சாலை அனுபவத்தில் உறுதியான உண்மை. ஆகவே தெளிப்பவருக்குக் காற்றூட்டும் முகமூடி வேண்டும். வீட்டார் பல மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். கலவை விகிதமோ வெப்பமோ பிசகினால் நுரை சரியாக இறுகாமல் சுருங்கும், விரிசல் விடும், நாறும்.

2020 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு, ‘கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்’ என்ற உதவித் திட்டத்தை இங்கிலாந்தில் தொடங்கியது. வீட்டுக்கு 5,000 பவுண்டு வரை, வருமானம் குறைந்தவர்களுக்கு 10,000 பவுண்டு வரை மானியச் சீட்டு. ஆறு லட்சம் வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 150 கோடி பவுண்டு. கொரோனாவால் படுத்த பொருளாதாரத்தை எழுப்பும் அவசரமும் பருவநிலை இலக்கும் ஒன்றாகச் சேர்ந்ததால் திட்டம் அரைகுறைத் தயாரிப்போடு வந்தது. 2021 மார்ச்சிலேயே மூடப்பட்டது. பலன் பெற்ற வீடுகள் ஐம்பதாயிரத்தையும் எட்டவில்லை. கூரைக் காப்பு இத்திட்டத்தில் இருந்ததால் நுரை தெளிக்கும் நிறுவனங்களும் மானியத்தைக் காட்டி வாடிக்கையாளர் தேடின. மானியம் இல்லாமலும் வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்து விற்றவர்கள் பலர். பிரிட்டனில் இரண்டரை லட்சம் வீடுகளுக்கு மேல் கூரையில் நுரை இருப்பதாக பிபிசி செய்தி வெளியிட்டது.

அடி விழுந்தது வீட்டை விற்கும்போது. கூரை மரத்தைப் பார்க்க முடியவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதினால், அந்த வீட்டின்மேல் கடன் கொடுக்க வங்கி தயங்குகிறது. சில கடன் நிறுவனங்கள் கூரையில் நுரை என்றாலே மறுக்கின்றன. சில, நுரையின் வகையையும் ஆவணங்களையும் பார்த்து முடிவு செய்கின்றன. வாங்குபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் விற்பனை நின்றுவிடும். மிகவும் அடிபட்டவர்கள் முதியவர்கள். வீட்டின் மதிப்பின்மேல் கடன் வாங்கி முதுமைச் செலவைப் பார்க்கும் ‘ஈக்விட்டி ரிலீஸ்’ வழியை நம்பியிருந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடியது. குளிருக்குப் பயந்து, அரசு சொன்னதை நம்பி, சேமிப்பை எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். இதில் அவர்கள் செய்த பிழை எதுவும் இல்லை. 2023இல் பிரிட்டிஷ் நில, கட்டட மதிப்பீட்டாளர்களின் தொழில்முறை அமைப்பான ரிக்ஸ் நுகர்வோருக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. கட்டடப் பராமரிப்புத் துறைச் சங்கமும் நுரை தெளித்த கூரையை எப்படிச் சோதிப்பது என்று ஒரு நடைமுறையை வகுத்தது. இரண்டும் தெளித்து முடித்த பிறகு வந்தவை.

இப்படி ஒன்று முன்பும் நடந்திருக்கிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடியின்போது கனடா அரசு மானியம் கொடுத்துப் பழைய வீடுகளுக்கு வெப்பக் காப்பு செய்யச் சொன்னது. சுவருக்குள் யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையைச் செலுத்தினார்கள். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிகிறது என்ற முறையீடுகள் எழ, 1980 டிசம்பரில் அது தடை செய்யப்பட்டது. சுமார் ஒரு லட்சம் வீடுகளின் விலை விழுந்தது. அகற்ற அரசே உதவித்தொகை தர வேண்டியதாயிற்று. நாளாவட்டத்தில் அந்த வாயு குறைந்து மற்ற வீடுகளின் அளவுக்கே வந்துவிட்டது என்று பின்னர் எடுத்த அளவீடுகள் காட்டின. ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். ஸ்கார்பரோவில் வீடு வாங்கிய தமிழர்கள் ஒன்டாரியோவின் வழக்கமான விற்பனை ஒப்பந்தத்தைப் புரட்டினால், இந்த நுரை வீட்டில் இல்லை என்று விற்பவர் உறுதி கூறும் பிரிவைப் பார்த்திருப்பார்கள். நாற்பது ஆண்டு கழித்தும் அந்தப் பயம் தாளில் நிற்கிறது.

நுரை ஏற்கெனவே இருக்கும் வீட்டில் முதல் வேலை அகற்றுவதல்ல, பார்ப்பது. அகற்றும் தொழிலில் பங்கில்லாத மதிப்பீட்டாளரை அழைப்பதே முறை. நுரை எந்த வகை, அடியில் இருப்பது தார் ஃபெல்ட்டா, ஆவி விடும் நவீன விரிப்பா, அல்லது வெறும் ஓடா, தெளித்தவர் கொடுத்த சான்றிதழ்கள் உண்டா என்று அவர் பார்ப்பார். இறவாரம், முகடு, தண்ணீர்த் தொட்டியின் மேற்புறம், புகைபோக்கி ஓரம் போன்ற இடங்களில் நுரையைச் சதுரமாக வெட்டி எடுத்து, ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் மரத்தில் குத்துவார். 14, 15 என்று காட்டினால் மரம் நலம். 20க்கு மேல் ஏறினால் இன்னும் பல இடங்களைத் திறக்க வேண்டும். நவீன விரிப்பின்மேல் முறையாகத் தெளித்த திறந்த அறை நுரை, மரமும் உலர்வு, ஆவணமும் சரி என்றால் அதை அப்படியே விட்டுவிடுவது நியாயமான முடிவாக இருக்கலாம். விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கடன் நிறுவனங்களின் விதி குறுக்கே வரும்.

இந்தப் பயத்தையும் சிலர் வியாபாரமாக்கிவிட்டார்கள். நுரை தெளித்த வீடுகளுக்குத் தொலைபேசி செய்து, உங்கள் கூரை இடிந்து விழும், உடனே எடுங்கள் என்று மிரட்டி, ‘இலவசப் பரிசோதனை’ என்று வந்து சில ஆயிரம் பவுண்டுகளைக் கறப்பவர்கள் உண்டு. தானாக வந்து கதவைத் தட்டுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. ஒருவர் சோதிக்க, வேறொருவர் அகற்ற, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அகற்றுவது கைவேலை. இறுகிய பாலியூரித்தேனைக் கரைக்கும் நம்பகமான திரவம் கிடையாது. சூடான கத்தியோ தீயோ வைத்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் எழும். ஆகவே அந்த வழி அறவே கூடாது. பரணில் வௌவால் தங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி வௌவாலும் அது தங்குமிடமும் பாதுகாக்கப்பட்டவை. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பரண் கதவைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்து, குறுக்குச் சட்டங்களின்மேல் பலகை போட்டுத் தொடங்குவார்கள். நிமிர்ந்து நிற்க இடம் இருக்காது. கால் தவறினால் கீழ் அறையின் பழைய சுண்ணாம்புக் கூரைப்பூச்சைப் பெயர்த்துக்கொண்டு இறங்கும். முகமூடி, கண்ணாடி, முழுவுடல் உடை அணிந்தவர், நீண்ட கத்தியைக் கைமரத்தின் ஓரமாக மேலிருந்து கீழே இழுக்கிறார். திறந்த அறை நுரை பெரிய பாளங்களாகப் பெயர்ந்து வருகிறது. மரத்தில் மிஞ்சும் மெல்லிய படலத்தை அதிரும் தகடு பொருத்திய கருவியால் சுரண்ட வேண்டும். அழுத்தினால் கைமரமே செதுக்கப்படும். அழுத்தாவிட்டால் படலம் நிற்கும். மதிப்பீட்டாளர் மரத்தின் ரேகையைப் பார்க்க வேண்டுமென்பதால் இந்தச் சுரண்டலில்தான் நேரமெல்லாம் போகிறது. மூடிய அறை நுரையில் இவ்வளவு நயம் இல்லை. வாளால் அறுத்து, உளியால் பெயர்த்து, துண்டு துண்டாக எடுக்க வேண்டும். இழுக்கும்போது ஃபெல்ட் கிழிந்து ஓடு அசையும். கல்லிலேயே நேராகத் தெளித்திருந்தால், சாரம் கட்டி வெளியிலிருந்து கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்வதே பல சமயம் ஒரே வழி. அப்போது செலவு நுரை தெளித்த காசைவிடப் பல மடங்காகிறது.

நுரை போன பிறகு இற்ற கைமரத்தின் பக்கத்தில் புதுக் கட்டை சேர்த்து போல்ட் முடுக்குவார்கள். கிழிந்த ஃபெல்ட்டை ஒட்டுவார்கள். இறவாரத்திலும் முகட்டிலும் காற்றுத்துளை வைப்பார்கள். சில வாரம் மரம் உலரட்டும் என்று விட்டு, பரணின் தரையில் பஞ்சு விரிப்பார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு மதிப்பீட்டாளரின் அறிக்கையை வாங்கி வைத்தால்தான் வங்கி ஏற்கும். வெட்டிய நுரை நிரம்பிய மூட்டைகளை உரிமம் பெற்ற கழிவு வண்டியில்தான் அனுப்ப வேண்டும்.

இனிமேல் காப்பு செய்யப்போகிற பழைய வீட்டில் வேலையின் வரிசை முக்கியம். முதலில் ஓடு, மழைநீர்ப் பீலி, ஓதம் ஏறும் சுவர் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். செங்கல் இடுக்கில் பிற்காலத்தில் சிமென்ட் அடைத்திருந்தால் அதை எடுத்துச் சுண்ணாம்பே வைப்பது நல்லது. ஈரச் சுவரின்மேல் எந்தக் காப்பும் போடக் கூடாது. அடுத்து, சமையலறையிலும் குளியலறையிலும் ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறி. அதன்பின் கதவு, சன்னல் இடுக்குகள், அதன்பின் பரண். பஞ்சை இறவாரம் வரை நெருக்கித் திணித்துக் காற்றுவழியை அடைத்துவிடக் கூடாது. பரண் கதவுக்கும் காப்பும் ரப்பர் விளிம்பும் வேண்டும். ஈரக்காற்று அதிகம் ஏறுவது அங்கேதான். பரணில் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்கும் உறை போட வேண்டும். குளிர்ந்த பரணில் அவை உறைந்து வெடிக்கும்.

சுவர் கடினமான பகுதி. ஒற்றைச் சுவருக்கு உள்ளிருந்து காப்பு வைப்பதென்றால் மர நார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் பொருந்தும். அவை ஈரத்தை வாங்கி, பிறகு வெளியே விடும். வெளிப்புறக் காப்பு இன்னும் நுணுக்கமானது. சன்னல் விளிம்பிலோ கூரை ஓரத்திலோ ஒரு இடுக்கு விட்டால் மழை உள்ளே புகுந்து வெளிவராது. அரசுத் திட்டங்களின்கீழ் வெளிப்புறக் காப்பு செய்த வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்த வேண்டிய பெருங்குறைகள் இருப்பதாக, பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அவை. பலகைத் தரைக்குக் கீழிருந்து வலை கட்டி அதில் பஞ்சோ மர நாரோ நிறுத்தலாம். சுவரடியிலுள்ள துளைச் செங்கற்களை மட்டும் யார் சொன்னாலும் அடைக்கக் கூடாது; குளிர்காற்று வருகிறது என்று பலர் பழைய துணியைத் திணித்து வைத்திருப்பார்கள், அதையும் எடுத்துவிட வேண்டும்.